நாத்தனார் முடிச்சு

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்குப் பேர் அண்ணி. மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும், அவளைவிட வயதில் மூத்த அயர்ன்காரி உட்பட, எல்லாருக்கும் அண்ணி. இப்படி அவளை ஊருக்கே அண்ணியாக்கி வைத்தவள் அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. அவளும் ஒரு காலத்தில் இங்கேதான் கட்டிங் மேசையில் வேலை பார்த்தாள். ஒல்லி உடம்பு, கூர் நாக்கு. அதனால் அவளுக்கு ஊசி என்று பேர். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் 'அண்ணி, அண்ணி' என்று கத்திக் கத்தியே அந்த வார்த்தையை எல்லார் வாயிலும் ஒட்டவைத்துவிட்டு, எல்லை தாண்டி வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். கூப்பிட்டவள் போனாள், பேர் போகவில்லை. அண்ணிக்கு அதில் எரிச்சல்தான். இருவரும் பேசிக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றது என்றால் காரணம் ஒரு பாத்திரமாக இருக்கும், இல்லாவிட்டால் விசேஷ வீட்டில் யாரோ யாரையோ சரியாக 'வா' என்று கேட்காததாக இருக்கும். இவர்கள் விஷயத்தில் காரணம் ஒரு வேலைநிறுத்தம். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒரு தையல்காரியைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. லைன் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. முதலாளி இறங்கி வருகிற நேரம். அப்போது ஊசி பயந்துபோய்க் கத்தரியைக் கையில் எடுத்துத் துணியை வெட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து வேறொருத்தி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. போனவள் போனவள்தான், அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசியோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நாளில், இதே கம்பெனிக்கு அடுத்த நாட்டில் இருக்கிற ஃபேக்டரிக்கு ஏஜென்ட் பிடித்து ஊசி கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று 'போயிட்டு வரேன் அண்ணி' என்றபோது அண்ணி உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடியது இன்னும் கிடைத்தபாடில்லை.

ஊசி விட்டுப்போன இன்னொரு சொத்தும் உண்டு. அது ஒரு முடிச்சு.

துணியை அடுக்கி வெட்டியதும், முன்பக்கம் பின்பக்கம் கை காலர் எல்லாவற்றையும் சேர்த்து, கழிவுத் துணியில் கிழித்த நாடாவால் கட்டி, பண்டல் பண்டலாகத் தையல் லைனுக்கு அனுப்புவார்கள். வழக்கமாகப் போடுவது சுருக்கு முடிச்சு. முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். வெட்டியதில் ஏதாவது தப்பு என்று தெரிந்தால் மட்டும் ஊசி வேறு ஒரு முடிச்சு போடுவாள். இரண்டு சுற்று சுற்றி, முனையை உள்பக்கமாகத் திருப்பிச் செருகி, முனையே தெரியாமல் இறுக்கிவிடுவாள். 'பிரிக்காதே, தைக்காதே, கட்டினவள் வந்து சொல்லும்வரை நிறுத்தி வை' என்று அதற்கு அர்த்தம். லைனில் முதல் மெஷின் அண்ணியுடையது. அதனால் அதை நகத்தால் நெம்பி அவிழ்க்கிற வித்தை அவளுக்கு மட்டும் கைவந்தது. போடுவது சுலபம், அவிழ்ப்பதுதான் பெரும்பாடு என்று சொல்லிச் சிரித்து, நாத்தனார் முடிச்சு என்று கூடமே அதற்குப் பேர் வைத்தது.

நிர்வாகமும் அதை ஏற்றுக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. ஒரு முறை யாரோ அவசரத்தில் அந்த முடிச்சைக் கத்தரித்துத் தைத்துவிட, ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாகச் சட்டைகள் குவிந்தன. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு சுவரில் ஒரு போர்டு மாட்டினார். 'முடிச்சுப் போட்ட பண்டலை, கட்டியவர் சொல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை.' தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. நீலநிறச் சட்டைத் துணி, எல்லாம் வெட்டிக் கட்டிய பண்டல்கள். மேனேஜர் லைன் முன்னால் வந்து நின்றார்.

"அங்க ஃபேக்டரில மெஷின் எல்லாம் ரிப்பேர். தைக்க வேண்டியதை இங்க அனுப்பிட்டாங்க. அவசர ஆர்டர். மத்ததை ஓரமா வெச்சுட்டு இதை முதல்ல முடிங்க."

அண்ணி முதல் பண்டலை மடியில் இழுத்து, நாடா முனையைத் தேடினாள். முனை கிடைக்கவில்லை. விரல் அந்த இடத்திலேயே நின்றது. கண் பார்ப்பதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் அவளுக்கு வந்தது கோபம். 'நாடு விட்டு நாடு போயும் ஒழுங்கா வெட்டக் கத்துக்கல பாரு' என்று முணுமுணுத்தபடி நகத்தைச் செருகி அவிழ்த்தாள். கையோடு கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. காலரை மடித்துப் பார்த்தாள். சரி. டேப் எடுத்து அளந்தாள். ஒரு நூல் பிசகவில்லை. 'அப்புறம் எதுக்குடி இந்த முடிச்சு' என்று அடுத்த பண்டலை எடுத்தாள். அதிலும் அதே முடிச்சு. அதற்கு அடுத்ததிலும். எழுந்துபோய்க் குவியலைப் புரட்டினாள். வந்திறங்கிய அத்தனை பண்டலிலும் நாத்தனார் முடிச்சு.

ஒன்றிரண்டு தப்பாக வெட்டலாம். ஒரு லாரித் துணியையுமா ஒருத்தி தப்பாக வெட்டுவாள்?

குனிந்து உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எல்லாம் ஒரே கை போட்ட முடிச்சு இல்லை. ஒன்று கல் மாதிரி இறுகியிருந்தது. ஒன்று தொளதொளவென்று, இப்போதுதான் கற்றுக்கொண்ட கை. இன்னொன்றில் சுற்று எதிர்ப்பக்கமாக ஓடியது. அதைப் போட்டவள் இடதுகைக்காரி. ஊசி வலதுகைக்காரி.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் இந்தக் கூடத்திலேயே கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர். முடிச்சைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"பழக்க தோஷத்துல போட்டிருப்பாங்க. அளந்து பார்த்தீங்கல்ல, சரியாத்தானே இருக்கு? பிரிச்சுத் தைங்க."

"இத்தனைக்குமா சார் பழக்க தோஷம்?"

"தைங்க அண்ணி," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

குவியலை எண்ணி அடுக்குகிற சாக்கில் அன்றைய தையலைத் தள்ளிப்போட்டுவிட்டு, டீ நேரத்தில் அண்ணி வெளியே வந்தாள். லாரி டிரைவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆள். இந்த மொழி அவருக்குப் பாதை கேட்கவும் டீ கேட்கவும் போதுமான அளவுதான் தெரியும்.

"அங்க மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "மெஷின் நல்லா. பொண்ணுங்க உட்கார்ந்து."

"உட்கார்ந்துன்னா?"

டிரைவர் ஈரக் கைகளைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டுக் காட்டினார். பிறகு எழுந்து, காற்றில் ஒரு பூட்டைப் பூட்டினார். "கேட் பூட்டு. ஹாஸ்டல் பூட்டு. போன் எல்லாம் கம்பெனி வாங்கி." சுற்றிலும் பார்த்துவிட்டு, லாரியில் ஒட்டியிருந்த ஒரு நாடாத் துண்டைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுங்க ஜன்னல்ல சொல்லி. அண்ணி. அண்ணி."

"நான்தான் அண்ணி," என்றாள் அவள், நெஞ்சைத் தொட்டு.

அவர் இல்லை என்று தலையாட்டினார். நாடாவில் இருந்த முடிச்சை விரலால் தட்டி, "அண்ணி," என்றார் மறுபடியும். மனுஷனுக்கு மொழி போதவில்லை என்று அவள் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் புருஷன் சாப்பிட உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க தங்கச்சிகிட்ட எப்ப பேசினீங்க?"

அவருக்குப் புரையேறிவிட்டது. அந்த வீட்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு எத்தனையோ காலம் ஆகிறது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கொஞ்ச நாளா போன் ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்கு. எனக்கும் ஒரே கவலை. போன உடனே பாஸ்போர்ட்டை எல்லாம் கம்பெனி வாங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிடுச்சாம். அங்க அப்படித்தானாம். கூட வேலை செய்யற ஒரு பொண்ணோட அம்மா செத்துட்டாங்க. ஊருக்குப் போய் முகம் பார்த்துட்டு வரேன்னு கெஞ்சியிருக்கா. பாஸ்போர்ட்டைக் குடுக்கல. அதுல எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க. பாஸ்போர்ட் எங்க கையில வர்ற வரைக்கும் வேலை செய்ய மாட்டோம்னு உட்காரப் போறோம்னா."

"யாரு, இவளா?"

"இவதான் முன்னாடி நிக்கறாளாம்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவ பேச்சை எடுத்தாலே நீதான் தட்டை நகர்த்திட்டு எழுந்து போயிடுவியே."

அது உண்மைதான். அவர் தொடர்ந்தார். ஊசி கடைசியாகப் பேசியபோது சொன்னாளாம்: கையில் இருக்கிற அவசர ஆர்டரை வேறெங்காவது தைத்து, போய்ச் சேர வேண்டிய நாளுக்குள் அனுப்பிவிட்டால், அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கம்பெனிக்குத் தேவையே இல்லை. பஸ்ஸில் ஏற்றி எல்லையில் இறக்கிவிட்டுவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திவிட்டால் மறுபடியும் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. "ஊசியாவது நம்ம வீட்டுக்கு வந்துடுவா. மத்தவங்கள்ல பாதிப் பேருக்குத் திரும்பிப் போக வீடே கிடையாதாம்."

அப்போதுதான் அண்ணிக்கு எல்லாம் விளங்கியது. காலையிலிருந்து துணியில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தப்பு துணியில் இல்லை. வெட்டியது சரி, அளவு சரி, வெட்ட வைத்தவன்தான் சரியில்லை. உட்காருவதற்கு முன்னால், இந்தத் துணி எங்கே போகும் என்று யோசித்து, அத்தனை பேருக்கும் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் ஊசி. போனைப் பிடுங்கலாம், கேட்டைப் பூட்டலாம். முடிச்சைச் சோதிக்க எந்தக் காவலாளிக்குத் தோன்றும்? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்னால் லைனைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுருட்டை எழுந்தாள். சுருட்டை என்றால் தலைமுடி அப்படி. அன்றைக்கு வேலை போன பிள்ளைத்தாய்ச்சி இவளுடைய கூடப் பிறந்த அக்கா.

"எங்கக்கா வயித்தைத் தள்ளிக்கிட்டு இந்த வாசல்ல நின்னா. அப்ப யாரு கத்தரியை எடுத்தது? இன்னைக்கு அவளுக்கு ஒன்னுன்னதும் நாங்க கையைக் கட்டணுமா? நல்ல நியாயம் அண்ணி."

எல்லாரும் மனதில் வைத்திருந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அண்ணிக்கு மட்டும் அந்தக் கோபம் தீர்ந்துவிட்டதா என்ன? அது அப்படியேதான் இருந்தது.

"அவளை மன்னிச்சிடுன்னு நான் சொல்லலம்மா. நானே இன்னும் மன்னிக்கல. ஆனா ஒருத்தி தைச்சா என்ன ஆகும்னு நம்மள விட யாருக்குத் தெரியும்? நாம தோத்தது அதனாலதானே. இப்ப அதே வேலையை நம்ம கையால செய்யச் சொல்றாங்க. இங்க பாரு." இடதுகை முடிச்சுப் போட்ட பண்டலைத் தூக்கிக் காட்டினாள். "இது ஊசி போட்டது இல்ல. இதைப் போட்டவளை எனக்குத் தெரியாது, எந்த ஊரு, என்ன பாஷைன்னு தெரியாது. அம்மா முகத்தைப் பார்க்க முடியாமப் போனவளே இதைப் போட்டவளா இருக்கலாம். இவ நமக்கு என்ன கெடுதல் பண்ணா?"

சுருட்டை அந்தப் பண்டலைக் கையில் வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்து, காலால் தன் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"ஊசி மேல இருக்கற கோபம் தனிக் கணக்கு," என்றாள். "அதை நான் விட மாட்டேன்."

"விடாத. நான் மட்டும் விட்டுட்டேனா."

மணி அடித்தது. மெஷின்கள் ஓடின. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கிட்டே வந்து பார்க்கிற வரைக்கும். எல்லாரும் பழைய ஆர்டரைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வேகமாக, சுத்தமாக, பேச்சில்லாமல். நீலத் துணியை மட்டும் யாரும் தொடவில்லை.

"என்ன அண்ணி இது? ஸ்ட்ரைக்கா?"

"ஐயையோ, ஸ்ட்ரைக்கெல்லாம் இல்ல சார். வேலைதான் நடக்குதே." அண்ணி மெஷினை நிறுத்தாமல் தலையால் சுவரைக் காட்டினாள். "அந்த பண்டல்ல முடிச்சு இருக்கு. கட்டினவங்க சொல்லாமப் பிரிச்சா கடும் நடவடிக்கைன்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க. எங்களுக்கு பயமா இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினாள். மேனேஜர் போர்டைப் பார்த்தார். அவர் மாட்டியதுதான். பாவம், கண்ணாடி எல்லாம் போட்டு அழகாக மாட்டியிருந்தார்.

"அது வேற நாடு அண்ணி. அங்க நடக்கறதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

"வெட்டறது அந்த நாடு, தைக்கறது இந்த நாடு, முதலாளி மட்டும் ரெண்டுக்கும் ஒருத்தரு. அவருக்கு சம்பந்தம் இருக்கும்போது நமக்கு மட்டும் எப்படி சார் இல்லாமப் போகும்?"

அவர் கத்தரியை எடுத்தார். ஒரு பண்டலைத் தூக்கி மேசையில் போட்டு, நாடாவை நறுக்கென்று வெட்டினார். துணிகள் சரிந்து விரிந்தன. அவரே ஒவ்வொரு துண்டாக எடுத்து ஆள் ஆளுக்கு முன்னால் வைத்தார். யாரும் கையை நீட்டவில்லை. அடுத்த பண்டலின் நாடாவில் கத்தரியை வைத்தவர் அப்படியே நின்றார். ஒரே நீலம்தான், ஆனாலும் ஒவ்வொரு துணிச் சுருளிலும் ஒரு பொட்டு கூடக்குறைய நிறம் இருக்கும். பண்டல் கலைந்து ஒன்றோடொன்று கலந்தால், கை ஒரு நீலம் உடம்பு ஒரு நீலமாகச் சட்டை வரும். தைக்க ஆள் இல்லாமல் பிரித்துப்போட்டால் எல்லாம் குப்பை. கட்டிங் மாஸ்டராக இருந்த கை அது. அதற்கு மனசு வரவில்லை.

"மேல என்னைத்தான் கேட்பாங்க," என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"தெரியும் சார். எங்க மேல பழியைப் போடுங்க. உண்மையும் அதுதானே."

ஆனால் மேலே இருந்தவர்கள் சும்மா இருப்பவர்கள் இல்லை. மதியத்துக்குள் இரண்டு வேன்கள் வந்தன. பண்டல்களை ஏற்றி, ஊருக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தையல் பட்டறைகளுக்கு அனுப்ப உத்தரவாம். தொடாதவர்கள் எல்லாம் நாளையிலிருந்து வாசலிலேயே நின்றுகொள்ளலாம் என்றும் போனில் சொன்னார்களாம். வேன்கள் கிளம்பியதைப் பார்த்ததும் கூடத்தில் முகங்கள் வாடின. இங்கே தைக்காமல் இருந்து என்ன பயன், வேறு எவளோ தைக்கப்போகிறாள் என்றாள் அயர்ன்காரி. வேலையும் போச்சு, வீம்பும் போச்சு.

"போகட்டும்," என்றாள் அண்ணி. "எங்க போனாலும் முதல் மெஷின்ல ஒருத்தி உட்கார்ந்திருப்பா."

"இருந்தா?"

"அவ எங்க வேலை கத்துக்கிட்டாள்னு நினைக்கற?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மதியம் முழுக்க அவள் காது வாசலில்தான் இருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது இரண்டு முறை தவறியது. வேலை முடிகிற நேரத்தில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. போன மச்சான் திரும்பி வந்தான் என்கிற மாதிரி, ஏற்றிய பண்டல்கள் ஏற்றியபடியே, ஒரு நாடா அவிழாமல் வந்து இறங்கின. வேன் டிரைவர் மேனேஜரிடம் அலுத்துக்கொண்டார்.

"எல்லாப் பட்டறையிலயும் ஒரே பாட்டு சார். முடிச்சு இருக்கு, கட்டினவங்க சொல்லணும்னு. ஒரு இடத்துல ஒரு அம்மா கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு என்னைத் திட்டியே அனுப்பிட்டாங்க."

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, வேலை போய், இந்தக் கூடத்தை விட்டுப் போன பெண்கள்தான் அந்தப் பட்டறைகள் முழுக்க. தையலோடு சேர்த்து அந்த முடிச்சையும் கொண்டுபோயிருந்தார்கள். காலங்காலமாக ஆட்களை வெளியே அனுப்பி அனுப்பியே, முடிச்சை ஊர் முழுக்கப் பரப்பியது கம்பெனிதான்.

சுருட்டை மட்டும் வேன் டிரைவரிடம் ஓடினாள். "குழந்தையை இடுப்புல வெச்சிருந்தாங்கன்னீங்களே, சுருட்டை முடியா?"

"ஆமாம்மா. உங்களை மாதிரியே."

அது அவள் அக்காதான், இடுப்பில் இருந்தது இரண்டாவது பிள்ளை. சுருட்டை திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மறுநாள் வாசலில் யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பழைய ஆர்டரையும் தைக்க ஆள் இல்லை என்று மேலே இருந்தவர்களுக்கு யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோ மேனேஜர்தான் என்பது அண்ணியின் எண்ணம். நீலப் பண்டல்கள் சுவரோரம் மலையாகக் கிடந்தன. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர் அறையில் போன் அடித்தபடியே இருந்தது. முதலில் அவர் நின்றுகொண்டு பேசினார். பிறகு உட்கார்ந்துகொண்டு பேசினார். ஒரு நாள், அந்தப் பக்கம் கத்துவது வெளியில் கேட்டபோது, போனை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்தார்.

அந்த வார முடிவில் அவர் லைனுக்கு வந்தார். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"முடிஞ்சது. ஹாஸ்டலைத் திறந்துட்டாங்க, போனைக் குடுத்துட்டாங்க. எல்லார் பாஸ்போர்ட்டும் அவங்கவங்க கைக்கு வந்துடுச்சாம். யாரையும் திருப்பி அனுப்பறதில்லன்னும் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு ஊருக்குக் கிளம்பிட்டாளாம். இப்பவாவது தைங்கம்மா."

கூடத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. ஆனால் எல்லாருடைய முதுகும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. அண்ணி எழுந்து நின்றாள்.

"சந்தோஷம் சார். ஆனா கட்டினவங்க சொல்லணும்."

"அண்ணி."

"போர்டுல அப்படித்தான் சார் இருக்கு."

அவர் சிரித்தேவிட்டார். தன் போனை எடுத்து, அங்கே யாரிடமோ பேசி, யாரையோ தேடச் சொல்லி, கடைசியில் ஸ்பீக்கரில் போட்டு அண்ணியின் மெஷின் மேல் வைத்தார். எல்லா மெஷினும் நின்றன. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பல பெண்களின் குரல்கள், என்னென்னவோ பாஷைகள். அதற்கு நடுவே ஒரு குரல் கிட்டே வந்து, நின்றது.

"அண்ணி?"

அந்தக் குரலை வாசலுக்கு வந்து வழியனுப்பாமல் விட்ட நாளிலிருந்து இத்தனை வருஷமும் அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது வேலைப் பேச்சுதான்.

"வெட்டினதுல தப்பு ஏதாவது இருக்கா?"

"இருந்தது அண்ணி. இப்ப சரியாயிடுச்சு. பிரிச்சுக்கங்க." கொஞ்சம் தயங்கினாள். "சுருட்டை அங்க இருக்காளா?"

"இருக்கேன்," என்றாள் சுருட்டை, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"உங்கக்காகிட்ட..."

"நீயே வந்து சொல்லு. பாஸ்போர்ட்தான் இப்ப உன் கையில இருக்கே."

"வரேன்," என்றாள் ஊசி.

அண்ணி போன் பக்கம் குனிந்தாள். "நீ ஒருத்தி சொன்னாப் போதாது. எல்லாத்தையும் நீயா கட்டின? இங்க இடதுகை முடிச்சு ஒன்னு இருக்கு, தொளதொளன்னு ஒன்னு இருக்கு. கட்டினவங்க எல்லாரும் சொல்லட்டும்."

அந்தப் பக்கம் ஊசி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். ஒரே சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தியாகப் போனருகில் வந்தார்கள். "அண்ணி ஓகே." "அண்ணி திற." "அண்ணி, அண்ணி, திற." கரகரத்த குரல், சின்னப் பெண்ணின் குரல், மூச்சு வாங்குகிற கிழக்குரல். அந்த வார்த்தையை அவர்கள் ஒவ்வொரு விதமாக நெளித்தார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு குரலுக்கும் அண்ணி "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"அவங்க உங்களைக் கூப்பிடல அண்ணி," என்றாள் ஊசி, சிரிப்பும் அழுகையுமாக. "முடிச்சைத் திறக்கச் சொல்றாங்க. இங்க அந்த முடிச்சுக்குப் பேரே அதுதான். கத்துக் குடுக்கும்போது, இது எங்க அண்ணிக்குப் போற முடிச்சு, அவங்க கைக்குப் போயிட்டாப் போதும், மீதியை அவங்க பார்த்துப்பாங்கன்னு சொன்னேன். இவங்க அண்ணின்னா முடிச்சோட பேருன்னு நினைச்சுட்டாங்க. அப்படியே நின்னுபோச்சு."

குழாயடியில் டிரைவர் முடிச்சைத் தட்டித் தட்டிச் சொன்னது இதுதானா. இங்கே அதற்கு நாத்தனார் என்று பேர், அங்கே அண்ணி என்று பேர். பேசவே பேசாத ஒருத்தியை நம்பி, ஒரு ஹாஸ்டல் நிறையப் பெண்களின் வாழ்க்கையை அந்த நாடாவில் கட்டி அனுப்பியிருக்கிறாள். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஏண்டி, அவிழாத முடிச்சுக்கு என் பேரா வெச்ச?"

"வேற யார் பேரை வைக்கறது? இத்தனை வருஷமா நீங்கதான் அவிழவே இல்லையே."

கூடமே சிரித்தது. மேனேஜர்கூடச் சிரித்தார். சுருட்டை சிரிக்கவில்லை, ஆனால் மேசைக்கு அடியில் தள்ளியிருந்த பண்டலைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து அண்ணியின் முன்னால் வைத்தாள். இடதுகை முடிச்சு.

மேனேஜர் போனை எடுக்கக் கை நீட்டினார். அண்ணி அவர் கையை ஒதுக்கினாள்.

"வெச்சிடாத," என்றாள் போனைப் பார்த்து. "நீ போன அன்னைலேர்ந்து சொல்லு. நான் அவிழ்த்துக்கிட்டே கேட்கறேன்."

நகத்தை நாடாவுக்குள் செருகினாள்.